தூண்டிலைப் படித்த மீன்கள்

லண்டன் உயிரியல் பூங்காவின் மீன்காட்சியகத்தில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் ஒரு சாதாக்கெண்டை வாழ்ந்தது. வந்தது 1952 செப்டம்பரில், செத்தது 1971இல். ஊரறிந்த பெயர் கிளாரிஸா. அதைப் பிடித்த ரிச்சர்ட் வாக்கர் சூட்டிய பெயர் வேறு: ராவியோலி. எடை 44 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 20 கிலோ. இந்த எண்ணின் கனம் புரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய கதை தெரிய வேண்டும். 1930இல் மேப்பர்லி என்ற நீர்த்தேக்கத்தில் ஒருவர் 26 பவுண்டுக் கெண்டை ஒன்றைப் பிடித்தார். அடுத்த 20 ஆண்டுகளுக்கும் மேலாக இங்கிலாந்தில் அதை யாரும் மிஞ்சவில்லை. பெரிய கெண்டை தூண்டிலுக்குப் படியாது, படிந்தாலும் கரையேறாது என்பது அந்தக் காலத்துத் தூண்டில்காரர்களின் உறுதியான நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை உடைத்தது ரெட்மயர் என்ற குளம். வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெர்ஃபர்ட்ஷையரில், ஒரு பழைய பண்ணை வீட்டுக்குச் சொந்தமான மூன்று ஏக்கர் நீர். ஏரி என்று சொல்வதே கொஞ்சம் மிகைதான். 1934இல் அதில் நீர்ப்பாசி மண்டிக்கிடந்தது. சேற்றைக் கிளறி மேயும் மீன் இருந்தால் பாசி மட்டுப்படும் என்று 50 கெண்டைக் குஞ்சுகளை வாங்கி விட்டார்கள். குஞ்சுகளைக் கொடுத்தவர் சரே மாவட்டத்தில் மீன் பண்ணை நடத்திய டொனால்ட் லீனி; நெதர்லாந்திலிருந்து தருவித்த, வேகமாக வளரும் வம்சம் அது. பிறகு அந்தக் குளத்தை எல்லாரும் மறந்துபோனார்கள். 1951இல் அங்கே தூண்டில் போட்ட பாப் ரிச்சர்ட்ஸுக்கு 31 பவுண்டைத் தாண்டிய மீன் சிக்கியது. செய்தி பரவியதும் வாக்கரும் அவருடைய நண்பர்களும் அங்கே போய்விட்டார்கள்.

வாக்கர் தொழிலால் பொறியியலாளர். அவர் மீன்பிடித்த விதத்திலும் அது தெரியும். இரை கவ்வப்படுவதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் இரவில் மீன்பிடிக்கவே முடியாது. ஆகவே நரம்பு இழுபட்டால் மணியடிக்கும் மின்கருவி ஒன்றைத் தாமே செய்துகொண்டார். கெண்டைக்கென்றே மூங்கில் பட்டைகளை ஒட்டித் தூண்டில் கோலை வடிவமைத்தார். 1952 செப்டம்பர் 13, விடியாத இருட்டில், ரொட்டியும் பிசைந்த மாவும் சேர்த்த இரையை மீன் எடுத்தது. நண்பர் பீட்டர் தாமஸ் வலையில் ஏந்தினார். விடிந்து தராசில் நிறுத்திய பிறகுதான் அது என்னவென்று அவர்களுக்கே முழுதாகப் புரிந்தது. மீனை உயிரோடு சாக்குப்பையில் போட்டு நீரிலேயே வைத்துவிட்டு, பூங்காவுக்குத் தொலைபேசியில் பேசினார்கள். வேன் வந்து கொண்டுபோயிற்று.

மூன்று ஏக்கர் குட்டையில் 20 கிலோ மீன் எப்படி வளர்ந்தது? பாலூட்டிகளைப் போலக் கெண்டைக்கு இத்தனை வயதில் வளர்ச்சி நின்றுவிடும் என்ற எல்லை கிடையாது. வேகம் குறையுமே தவிர, உயிருள்ளவரை கொஞ்சம் கொஞ்சமாக வளரும். எவ்வளவு வளரும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வெப்பம், உணவு, பங்குபோட எத்தனை வாய்கள். ரெட்மயரில் மூன்றாவதுதான் வென்றது. 50 குஞ்சுகள் என்பது அந்த நீருக்கு மிகக் குறைவு. அதே குளத்தில் 500 விட்டிருந்தால் வாக்கர் என்ற பெயரை இன்று யாரும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இதே கணக்கு பெரிய அளவில் நடந்த இடம் தெற்கு பிரான்ஸின் சான்-காசியன். 1966இல் அணைகட்டி உருவாக்கிய ஏரி. புதிய அணைக்கட்டுகளில் முதல் சில ஆண்டுகள் ஒரு செழிப்புக் காலம் உண்டு: மூழ்கிய வயலும் புல்வெளியும் அழுகி, மண்ணில் இருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரில் கரைந்து, பாசியும் புழுவும் பெருகும். அந்த நேரத்தில் கொஞ்சம் கெண்டைகள் உள்ளே இருந்தால் அவை வளரும் வேகமே தனி. அதோடு மத்தியதரைக் கடலோர வெயில். கெண்டை நன்றாகத் தின்பது நீர் 20 பாகைக்கு மேல் இருக்கும்போது; 10 பாகைக்குக் கீழே போனால் பெரும்பாலும் வாயை மூடிக்கொள்ளும். ஹெர்ஃபர்ட்ஷையர் மீனுக்கு வருடத்தில் நாலைந்து மாதம் வளர்ச்சிக் காலம் என்றால் காசியன் மீனுக்கு அதைவிடப் பல வாரங்கள் கூடுதல். 1980களில் ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு இங்கிலீஷ் கால்வாயைக் கடந்து அங்கே குவிந்தது வெறும் ஆசையால் அல்ல, வெப்பவியலால். 1998இல் ருமேனியாவின் சருலெஷ்ட்டி நீர்த்தேக்கத்தில் கிறிஸ்டியன் பால்டெமைர் பிடித்த கெண்டை 37 கிலோவைத் தாண்டியது. அந்த ஏரியும் பள்ளத்தாக்கை மூழ்கடித்து உண்டானதுதான்.

அதற்குப் பிறகு வந்த சாதனைகள் என்னை அவ்வளவாக ஈர்க்கவில்லை. ஹங்கேரியின் யூரோ அக்வா ஏரியில் 2018இல் 50 கிலோவைத் தாண்டிய கெண்டை கரையேறியது. ஆனால் அது பணம் கட்டி மீன்பிடிக்கும் வணிக ஏரி. அப்படிப்பட்ட நீரில் ஆண்டு முழுவதும் இரை மூட்டை மூட்டையாக விழுகிறது. அங்கே மீனின் எடையில் தீவனத்தின் எடையும் கலந்திருக்கிறது. உயிரியல் நோக்கில் பார்த்தால் ரெட்மயரின் 20 கிலோதான் அதைவிடப் பெரிய எண்.

சரி, வளர்ந்த மீனைப் பிடிப்பது ஏன் அவ்வளவு கடினம்? முதல் காரணம் காது. மீனுக்கு வெளிக்காது கிடையாது, ஆனால் கெண்டைக் குடும்பத்துக்கு இயற்கை ஒரு சிறப்பு ஏற்பாடு செய்திருக்கிறது. நீரில் வரும் ஒலி மீனின் சதையைக் கிட்டத்தட்டத் தடையில்லாமல் ஊடுருவிப் போய்விடும், ஏனென்றால் சதையே பெரும்பாலும் நீர்தான். ஆனால் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை அப்படியல்ல. ஒலி பட்டதும் பையிலுள்ள காற்று சுருங்கி விரிந்து அதிரும். அந்த அதிர்வை முதுகெலும்பின் முன்பக்கத்திலிருந்து பிரிந்துவந்த குட்டி எலும்புகளின் சங்கிலி ஒன்று உட்காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 1820இல் இதை விவரித்தவர் எர்ன்ஸ்ட் வெபர் என்ற ஜெர்மானியர். எலும்புகளுக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. இந்தச் சங்கிலி இல்லாத பல மீன்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை. கெண்டை 2,000, 3,000 ஹெர்ட்ஸ்வரை கேட்கும். இதோடு உடம்பின் இருபக்கமும் ஓடும் பக்கக்கோடு, அருகில் நீர் அசைவதைத் தொட்டாற்போல் உணரும். கரையில் தடதடவென்று நடப்பவனுக்குக் கெண்டை கிடைக்காது என்று பழைய ஆட்கள் சொன்னதில் தவறே இல்லை. மண்ணின் அதிர்வு நீருக்குள் நேராக இறங்குகிறது.

பழைய ஆட்கள் சொன்ன எல்லாமே அப்படிச் சரியாக இருந்துவிடவில்லை. காற்றழுத்தமானி இறங்கினால் கெண்டை கடிக்கும் என்பது ஐரோப்பா முழுவதும் உள்ள நம்பிக்கை. இப்போதும் கைபேசியில் அழுத்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் பலர் கிளம்புகிறார்கள். கணக்கு போட்டுப் பார்ப்போம். வளிமண்டல அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைவதும், மீன் நீரில் ஒரு சென்டிமீட்டர் மேலே வருவதும் ஒன்றுதான். நல்ல புயல் ஒன்று கடந்துபோகும்போது அழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், அது மீனுக்கு 20 சென்டிமீட்டர் மேலெழுந்தது போலத்தான். தரையில் மேய்ந்துகொண்டிருக்கும் கெண்டை ஒரு நிமிடத்தில் அதைவிட அதிகமாக ஏறி இறங்கும். ஆகவே அழுத்தமே மீனைத் தூண்டுகிறது என்பது நிற்காது. ஆனால் அழுத்தத்தோடு சேர்ந்து வருகிற மேகமும் காற்றும் நிஜம். கோடையில் பல நாள் ஒரே திசையிலிருந்து வெதுவெதுப்பான காற்று வீசினால், வெயிலில் சூடான மேல்நீரும் அதில் மிதக்கும் உணவும் எதிர்க்கரைக்குத் தள்ளப்படும். அலை மோதுகிற இடத்தில் நீரில் கரையும் உயிர்வளியும் கூடும். 10 பாகை நீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் உயிர்வளி கரையும், 30 பாகையில் ஏழரைதான். வெயில் காலத்தில் இது சின்ன விஷயமில்லை. காற்று மோதும் கரையில் உட்காருகிறவருக்கு முகமெல்லாம் சாரல் அடிக்கும், மீனும் கிடைக்கும். அவர் மானியைப் பாராட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

இரண்டாவது காரணம் வாய். இதுதான் இந்த அத்தியாயத்தின் நடுப்புள்ளி என்பேன். கெண்டை கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. உதடுகள் குழாய்போல முன்னால் நீள, சேறும் கல்லும் புழுவும் ஒன்றாக உள்ளே போகும். உள்ளே போனதைப் பிரிக்கும் வேலை அதற்குப் பிறகு. நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரில் ஆய்வு செய்த சிப்பிங், 1980களில் தின்றுகொண்டிருக்கும் கெண்டைகளை எக்ஸ்ரே படமாக எடுத்துப் பார்த்தார். மேலண்ணத்தில் ஒரு தசை மெத்தை இருக்கிறது. அதன் பரப்பெல்லாம் சுவை மொட்டுகள். உணவு பட்ட இடத்தில் மட்டும் அந்த மெத்தை புடைத்து, துகளைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். மற்ற சேறு செவுள் வழியே வெளியேறும். வேண்டாத பெரிய பொருளாக இருந்தால் வாய் வழியே ஊதித் தள்ளிவிடும். முறத்தில் புடைக்கிற கை செய்வதை இந்த மீன் அண்ணத்தாலேயே செய்கிறது. தேறியதை அரைப்பது தொண்டைக்குள் இருக்கும் பற்கள்; அவை மண்டையோட்டின் அடிப்பக்கத்துக் கொம்புத் தகட்டோடு மோதி நத்தை ஓட்டையும் நொறுக்கும். அதற்கப்பால் இரைப்பை என்று ஒன்றே கிடையாது, நேராகக் குடல்.

ஆக, கெண்டை இரையை எடுப்பதும் வேண்டாமென்று துப்புவதும் ஒரு நொடி, இரண்டு நொடிக்குள் நடந்துமுடிகிற காரியம். முள்ளை மாவுக்குள் புதைத்து வைத்தால் மாவோடு முள்ளும் வெளியே வந்துவிடும். கரையில் இருப்பவருக்கு நரம்பு லேசாக அசைந்ததுகூடத் தெரியாது. 1980 வாக்கில் லென் மிடில்டன், கெவின் மேடக்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் தொட்டியில் கெண்டைகளை வைத்து இதைக் கவனித்தார்கள். கண்டுபிடித்த தீர்வு எளியது: இரையை முள்ளில் குத்தாதே, முள்ளிலிருந்து தொங்கும் ஒரு மெல்லிய இழையில் கட்டு. முதலில் அவர்கள் இழையாகப் பயன்படுத்தியது தலைமுடியை. ஹேர் ரிக் என்ற பெயர் அப்படி வந்தது. மீன் உறிஞ்சும்போது இரை தளர்வாக, இயல்பாக உள்ளே போகிறது, பின்னாலேயே வெறும் முள்ளும் போகிறது. ஊதித் துப்பும்போது இரை முதலில் வெளியேற, முள் திரும்பிக் கீழுதட்டில் ஏறுகிறது. முள் கட்டிய துண்டு நரம்பின் மறுமுனையில் கனமான ஈயக்குண்டு இருந்தால், குத்தியதும் வெருண்டோடும் மீன் தன் ஓட்டத்தாலேயே முள்ளை ஆழமாக இறக்கிக்கொள்ளும். மீனின் தற்காப்பையே அதற்கு எதிராகத் திருப்பிய தந்திரம் இது. 1981இல் மேடக்ஸ் எழுதிய புத்தகத்தில் இது வெளியானதும் இங்கிலாந்தின் ஏரிகளில் பிடிபடும் கெண்டைகளின் கணக்கே மாறிப்போயிற்று.

இதற்கிடையே இரையும் மாறியிருந்தது. ஃப்ரெட் வில்டன் என்பவர், மீன் சத்துள்ள உணவை அடையாளம் கண்டு மீண்டும் மீண்டும் தேடிவரும் என்ற கருத்தோடு, பால் புரதமும் முட்டையும் சேர்த்துப் பிசைந்து வேகவைத்த உருண்டைகளை உருவாக்கினார். வெந்த தோல் கெட்டியாவதால் சிறு மீன்கள் கொத்திக் கரைக்க முடியாது. பாய்லி என்று இன்று கோடிக்கணக்கில் விற்பனையாகும் உருண்டைக்கு அதுதான் மூலம். அவருடைய சத்துக் கோட்பாட்டை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கெண்டைக்கு நாக்கு உண்டு என்பது மட்டும் உறுதி: மாஸ்கோவில் நடந்த சோதனைகளில் சிஸ்டீன், ப்ரோலின் போன்ற சில அமினோ அமிலங்கள் கலந்த துகளை அது விழுங்கியது, வேறு சிலவற்றைத் துப்பியது. மீசையிலும் உதட்டிலும் உடல் பரப்பிலும்கூட அதற்குச் சுவை மொட்டுகள் இருக்கின்றன.

இப்போது மூன்றாவது காரணத்துக்கு வருவோம். கெண்டை கற்றுக்கொள்கிறது. 1970இல் முடிவுகளை வெளியிட்ட பியூகெமா என்ற டச்சு ஆய்வாளர் குளங்களில் கெண்டைகளை விட்டு, தூண்டிலில் பிடித்து, அடையாளமிட்டுத் திரும்ப விட்டார். ஒரு முறை பிடிபட்ட மீன் மறுமுறை பிடிபடும் வாய்ப்பு சட்டென்று சரிந்தது. ஒரே ஒரு பாடம் போதுமானதாக இருந்தது; அதன் தாக்கம் ஓராண்டுக்குக் குறையாமல் நீடித்தது. மீனுக்கு நினைவு சில நொடிகள்தான் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள் இந்த ஓராண்டைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்த முடிவு தெரிந்தபின் 1980 ஜூன் 16இல் ரெட்மயரில் நடந்ததை வேறு கண்ணால் பார்க்கத் தோன்றுகிறது. அன்று கிறிஸ் யேட்ஸ் பிடித்த கெண்டைக்கு பிஷப் என்று பெயர். எடை 51 பவுண்டு 8 அவுன்ஸ், கிளாரிஸாவைவிட மூன்று கிலோவுக்கு மேல் அதிகம். மணியடிக்கும் கருவி, சத்துருண்டை, புதுப்புதுக் கட்டுமுறை என்று மற்றவர்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் யேட்ஸ் பழைய மூங்கில் கோலோடு, மூன்று மக்காச்சோள மணிகளை முள்ளில் குத்திப் போட்டார். எளிமை வென்றது என்று பலரும் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கெண்டை அஞ்சுவது முள்ளை அல்ல, முள்ளோடு சேர்ந்து தான் அனுபவித்ததை: அந்த ருசி, அந்த உருண்டை, தரையில் இறுகக் கிடக்கும் நரம்பு. சிறு மணிகளாகச் சிதறிக் கிடக்கும் சோளம் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அது பழகாத இரை. பழகாததோடு சேர்ந்த வலியும் இல்லை. புதிய இரை ஒவ்வொன்றும் முதலில் அமோகமாக வேலை செய்து, சில பருவங்களில் மந்தமாகிவிடுவதைக் கெண்டைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். பியூகெமாவின் குளத்தில் நடந்ததே ஏரி ஏரியாக நடக்கிறது.

பிடித்த மீனைத் திரும்ப விடும் வழக்கம் இங்கிலாந்தில் உறுதியானபின் இன்னொன்றும் நேர்ந்தது. மீன்களுக்குப் பெயர் வந்தது. பிஷப், டூ டோன், பென்சன், பேரட் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு. எப்படி அடையாளம் தெரிந்தது? பெரும்பாலும் கண்ணாடிக்கெண்டையின் செதிலால். உடல் முழுதும் ஒரே மாதிரி செதில் மூடிய கெண்டையில் ஒன்றுக்கொன்று வேறுபாடு காண்பது சிரமம். கண்ணாடிக்கெண்டையிலோ அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய செதில்கள். எந்த இரண்டு மீனுக்கும் ஒரே அமைப்பு கிடையாது. பத்தாண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு புகைப்படங்களை வைத்து, இது அதே மீன் என்று சொல்லிவிடலாம்.

இந்தச் செதில் குறையின் காரணம் 2009இல் தெரியவந்தது. கெண்டையின் மூதாதை ஒன்றில் மரபுத்தொகுதி முழுவதும் ஒரு முறை இரட்டித்தது. அதனால் கெண்டைக்கு 100 குரோமோசோம்கள், அதன் சொந்தக்கார வரிக்குதிரை மீனுக்கு 50. வளர்ச்சிக்கு அவசியமான ஒரு மரபணு இரண்டு பிரதிகளாக இருந்தது. ஒன்று பழுதானால் மற்றது உயிர்காக்கும் வேலையைப் பார்த்துக்கொள்ளும், செதில் மட்டும் குறையும். செதில் சீவ அலுத்துக்கொண்ட ஐரோப்பியப் பண்ணைக்காரர்கள் இந்தப் பழுதைப் போற்றி வளர்த்தார்கள். நம் பக்கம் வந்ததும் இந்த வம்சம்தான்: 1939இல் இலங்கையிலிருந்து ஊட்டி ஏரிக்குக் கொண்டுவந்து விட்ட ஐரோப்பியக் கெண்டைகளில் கண்ணாடிக்கெண்டையும் உண்டு. குளிர்நீர் என்பதால் நீலகிரியைத் தேர்ந்தார்கள்.

பெயருள்ள மீன்களின் பதிவு ஒரு புதிரைக் கிளப்புகிறது. ஒரு முறை பிடிபட்டாலே ஓராண்டு எச்சரிக்கை என்றால், பீட்டர்பரோ அருகே ப்ளூபெல் ஏரிகளில் வாழ்ந்த பென்சன் எப்படி 60 தடவைக்கு மேல் பிடிபட்டது? 2009இல் அது செத்தபோது பத்திரிகைகள் இரங்கல் எழுதின. 29 கிலோ எடையுள்ள மீன், முதுகுத் துடுப்பில் சிகரெட் சுட்டதுபோல ஒரு துளை, அதனால்தான் ஒரு சிகரெட்டின் பெயர். இன்னொரு பக்கம் கென்ட் மாவட்டத்தின் கானிங்புரூக்கில் டூ டோன். 2008இல் 67 பவுண்டு 14 அவுன்ஸ் எடையோடு பிரிட்டிஷ் சாதனையாக நின்றது. அதற்காகவே ஆண்டுக்கணக்கில் கரையில் கூடாரமடித்தவர்களில் பெரும்பாலோர் அதை ஒரு முறையும் தொடாமலே போனார்கள்.

விடையின் ஒரு பாதி ஏரியில் இருக்கிறது. கானிங்புரூக் பழைய சரளைக்கல் குழி, நீர் அதிகம், கெண்டைகள் மிகக் குறைவு. இயற்கை உணவே தாராளம். வாரம் முழுக்க இரை விழுகிற ஏரியிலோ தூண்டில்காரர் வீசும் உருண்டையே மீனின் அன்றாடச் சாப்பாடு. அதில் ஆயிரத்தில் ஒன்றில்தான் முள். அந்த ஆயிரத்தையும் விட்டுவிடுகிற மீன் மெலிந்துபோகும்; எப்போதாவது உதடு கிழிவது அதைவிட மலிவான விலை. பென்சன் முட்டாளில்லை, அது வேறு கணக்கு போட்டது.

மறுபாதி வம்சத்தில். பெர்லினில் ஆர்லிங்ஹவுஸ் குழுவினர், பண்ணையில் பல தலைமுறை பழகிய கண்ணாடிக்கெண்டையையும் காட்டு இயல்பு மிச்சமிருக்கும் செதில்கெண்டையையும் ஒன்றாக வைத்துச் சோதித்தார்கள். கண்ணாடிக்கெண்டை துணிந்து மேய்ந்தது, அதிகமாகப் பிடிபட்டது. இரண்டுமே கற்றுக்கொண்டன, ஆனால் தொடக்கத்திலேயே ஒன்று துணிச்சல்காரன், மற்றது சங்கோஜி. அதே ஆய்வாளர் வட்டம் 2020இல் வெளியிட்ட இன்னொரு முடிவு கெண்டைக்காரர்களுக்கு அவ்வளவு நல்ல செய்தியல்ல. முள் குத்திய மீன் மட்டுமல்ல, கூட்டத்தில் இன்னொன்று முள்ளில் மாட்டியதை அருகிலிருந்து பார்த்த மீனும் தூண்டிலை ஒதுக்கத் தொடங்குகிறது. பிடித்த மீனை எவ்வளவு பதமாகத் திரும்ப விட்டாலும், அது மாட்டித் துள்ளிய அந்த ஐந்து பத்து நிமிடத்தில் பக்கத்தில் எத்தனை மீன்கள் இருந்தன என்பது கரையில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. ஒரே இடத்தில் காலையில் ஒன்று கிடைத்தபின் மாலைவரை மணி அடிக்காமல் இருந்தால், மானியைப் பார்க்க வேண்டியதில்லை. இடத்தை மாற்றிப் பார்க்கலாம்.